செத்தவீட்டுக் குரல்

எங்கள் ஊரில் என் தொலைபேசி அழைப்பை யாரும் முதல் தடவையில் எடுப்பதில்லை. திரையில் என் பெயரைக் கண்டதும் கையிலிருப்பதைக் கீழே வைத்து, ஒரு கதிரையில் அமர்ந்து, துணைக்கு ஒருவரைப் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொண்டுதான் எடுப்பார்கள். "ஆர் அண்ணை?" என்பதுதான் முதல் கேள்வி. யார் செத்தது என்று அர்த்தம். நானோ நூலகத்தில் இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தரச்சொல்லி எடுத்திருப்பேன். ஒருவரும் இல்லை, புத்தகம்தான் என்றால் நீளமாக மூச்சு விடுவார்கள். பிறகு கோபிப்பார்கள். புத்தகம் மட்டும் வராது.

இதற்கெல்லாம் காரணம் எங்கள் சேவைக் கழகம். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற வீதியில் ஒரு சந்தியில் இறங்கி, வாய்க்கால் கரையோடு உள்ளே வந்தால் எங்கள் ஊர். பழைய குடியேற்றத் திட்டம். ஒரே வாய்க்காலில் காணி கிடைத்தவர்களின் பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டி, இப்போது எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வழியில் சொந்தம். போர் முடிந்து, அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த காலத்தில் தொடங்கிய கழகம் இது. தொடங்கிய நாளிலிருந்து நான் அதில் இருக்கிறேன். அதன் கதிரைகளில் எவற்றுக்குக் கால் ஆடும், பந்தல் போடுகிற எந்தத் தறப்பாளில் எங்கே ஓட்டை என்பதெல்லாம் எனக்கு மட்டுமே தெரியும். வேறு யாரும் தெரிந்துகொள்ள விரும்பவில்லை.

கழகத்துக்கு, வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர் ஒருவர் அம்பிளிபயரும் இரண்டு குழாய் ஒலிபெருக்கியும் வாங்கித் தந்தார். அந்தக் கிழமையே ஊரில் ஒரு சாவு. அறிவித்தலை வாசிக்க வேண்டிய செயலாளர் செத்தவரின் மருமகன்; குழாய் கட்டிய ஓட்டோவில் ஏறியதுமே அழுதுவிட்டார். "நீங்கள் லைப்ரரியில இருக்கிறனீங்கள்தானே, வாசியுங்கோ" என்று மைக்கை என் கையில் திணித்தார்கள். வாசித்தேன். நன்றாக வாசித்தேன் என்பதுதான் துன்பம். இளமையில் வானொலி அறிவிப்பாளராக வேண்டுமென்று ஆசைப்பட்டவன் நான். கடவுள் ஆசையை நிறைவேற்றிவிட்டார். ஆனால் ஒரே ஒரு நிகழ்ச்சியைத்தான் தந்திருக்கிறார்.

அன்றிலிருந்து யார் செத்தாலும் ஓட்டோ என் வாசலுக்கு வரும். இன்ன இடத்தைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்ட இன்னார், அன்னார் காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு கணவரும் என்று ஒழுங்கை ஒழுங்கையாக வாசித்துக்கொண்டு போக வேண்டும். அதில் ஒரு மருமகன் விடுபட்டாலும் அந்த மருமகன் என்னோடு ஒரு வருடம் கதைக்கமாட்டார். கதைக்காமலிருப்பது நல்லதுதான் என்றாலும், அவருடைய அம்மா கதைப்பா.

மகளின் கலியாணத்துக்கு வீடு வீடாகச் சொல்லப் போன நாளில் மனைவி என்னைப் படலைக்கு வெளியிலேயே நிறுத்தினாள்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் வாயைத் திறவாதேங்கோ. நான் சொல்லுறன். நீங்கள் சும்மா சிரிச்சுக்கொண்டு நில்லுங்கோ."

சிரித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது வீட்டிலிருந்து திரும்பி வந்தவள், சிரிக்கவும் வேண்டாம் என்றாள்.

இந்தக் குரலை விரும்பிக் கேட்கிற மனிதர் ஊரில் ஒருவர் இருந்தார். கழகத்தின் முதல் தலைவர். வயது போய், மூச்சிழுப்பு வந்து, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் மாறி மாறிப் போய்வருபவர். ஐம்பதைத் தாண்டிய என்னைத் தம்பி என்று கூப்பிட மிஞ்சியிருப்பவர்களில் ஒருவர். மாலையில் நூலகத்துக்கு வருவார். பேப்பர் பார்க்கமாட்டார். என் மேசைக்கு முன்னால் இருந்து, "வாசி பாப்பம்" என்பார்.

"என்னத்தை ஐயா?"

"என்ரயை."

"நீங்கள் இன்னும் சாகேல்லையே."

"செத்தாப் பிறகு பிழையை நான் எப்பிடித் திருத்திறது?"

அதில் நியாயம் இருந்தது. மெதுவாகச் சொல்லிக் காட்டினேன். பளையைப் பிறப்பிடமாகவும், எங்கள் ஊரை வதிவிடமாகவும் கொண்ட என்று தொடங்கியதுமே கையைக் காட்டி நிறுத்தினார்.

"மற்ற இடத்தில நான் இருக்கேல்லையோ? பரந்தன், தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, முள்ளிவாய்க்கால், செட்டிக்குளம். எல்லாம் வரோணும்."

"இதெல்லாம் சொல்லி முடிய ஓட்டோ ஒழுங்கையைத் தாண்டிப் போயிடும் ஐயா."

"மெல்ல ஓடச் சொல்லு."

"முள்ளிவாய்க்கால் வதிவிடமே?"

"பங்கர் வெட்டினனான். மனிசி உலை வைச்சவள். வதிவிடத்துக்கு வேற என்ன வேணும்?"

நானும் அதே மணலில்தான் இருந்தேன். அந்தப் பெயரையும் சேர்த்துக்கொண்டேன். அன்றிலிருந்து அவர் வரும்போதெல்லாம் ஓர் ஒத்திகை நடக்கும். தன் சாவில் இவ்வளவு அக்கறை உள்ள மனிதர் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்ததும் எனக்கு ஒரு வேலைதான்.

ஒவ்வொரு வருடமும் பொதுக்கூட்டத்தில் நான் விலகுவதாக அறிவிப்பேன். இப்போதைய தலைவர் என்னைவிட இளையவர், சந்தியில் உரக்கடை வைத்திருப்பவர். "அண்ணை இல்லாட்டிக் கழகமே இல்லை" என்பார். எல்லாரும் கை தட்டுவார்கள். அந்தக் கைதட்டலோடு என் விலகல் முடிந்து, தேத்தண்ணி வந்துவிடும். இந்த வருடம் நான் விடவில்லை. முறை வைத்து ஆளுக்கொரு சாவு வாசிப்போம் என்றேன். மண்டபத்தில் எல்லாரும் தங்கள் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள்.

"அண்ணை, உங்கட குரல்ல போனால்தான் செத்ததுக்கு ஒரு மரியாதை" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

"அதுதான் சொல்லுறன்" என்றேன். "இந்தக் குரல் செத்தவீட்டைத் தவிர வேற ஒண்டுக்கும் உதவாது. கழகத்துக்கு நல்லது கெட்டது ரெண்டுக்கும் உதவிற குரல் ஒண்டு வேணும்."

தலைவர் வியாபாரி. பேரம் தெரியும். "சரி அண்ணை. இரத்ததான முகாம் வருது. அதுக்கு நீங்கள் அறிவியுங்கோ. சனம் வராட்டி உங்கட கதை சரி, வேற குரல் பாப்பம். வந்தால், இந்த விலகிற கதையை இதோட விட்டிடோணும்."

சம்மதித்தேன். ஏனென்றால் எங்கள் ஊர் இரத்ததான முகாமுக்குச் சனம் வருவதில்லை. செயற்குழுவும், ஓடித் தப்ப முடியாத சிலரும்தான் வருவார்கள். இரத்தம் கிடைக்காமல் ஆட்கள் போனதைக் கண்ணால் கண்ட ஊர் இது. அதன் பெறுமதியை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அப்படியும் ஊசியைக் கண்டால் வயலில் அவசர வேலை வந்துவிடும். போன முறை வந்த இரத்த வங்கிக்காரர்கள், இனியும் இப்படியென்றால் வேறு ஊருக்குத்தான் போக வேண்டிவரும் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். ஆகவே நான் ஒரு விசித்திரமான இடத்தில் நின்றேன். முகாம் கெட்டால் எனக்கு விடுதலை. முகாம் கெட்டால் ஊருக்கு இனி முகாமே இல்லை. இப்படி ஒரு நிலையில் ஒரு மனிதன் என்ன நினைக்க வேண்டும் என்று நான் படித்த புத்தகங்கள் ஒன்றிலும் இல்லை.

முதல் நாள் பின்னேரம் ஓட்டோ வந்தது. "கொஞ்சம் கலகலப்பாச் சொல்லுங்கோ" என்று மனைவி வாசலில் நின்று சொல்லி அனுப்பினாள். நானும் இயன்றவரை கலகலப்பாகவே தொடங்கினேன். ஆனால் அது சோளகக் காற்று அடிக்கிற காலம். வெளியாய்க் கிடக்கிற வயலுக்கு மேலால் காற்று சொற்களைக் கொண்டு போய்விடும். குரல் மட்டும்தான் வீடுகளுக்குப் போய்ச் சேரும். போய்ச் சேர்ந்த ஒன்றிரண்டு சொற்களும் "நாளை காலை ஒன்பது மணிக்கு", "கழக மண்டபத்தில்", "ஊர் மக்கள் அனைவரும்" என்பவை. மண்டபத்தைத் தவிர, வழமையாக நான் சொல்கிற அதே சொற்கள்.

வரம்பில் நின்ற ஒருவர் தொப்பியைக் கழற்றினார். முற்றம் கூட்டிக்கொண்டிருந்த பெண் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வாயில் கை வைத்தா.

"தம்பி, சனத்துக்குப் பிழையா விளங்குது போல கிடக்கு" என்றேன் ஓட்டோக்காரரிடம்.

"இல்லையண்ணை, நல்லாத்தான் விளங்குது. எப்பவும் இப்பிடித்தானே நிப்பினம்."

"அதைத்தான் சொல்லுறன்."

"நான் ஓடுறன் அண்ணை. கதைக்கிறது உங்கட வேலை."

முதல் தலைவர் இரண்டு நாளுக்கு முன்னர்தான் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். வீட்டாரும் கூடவே போனதால் வீடு பூட்டிக் கிடந்தது. பிறகு கேள்விப்பட்டேன்: ஓட்டோ கடைசி ஒழுங்கைக்குப் போகுமுன்னரே ஊர் அவரைச் சாகடித்துவிட்டது. கழகத்தை ஆரம்பித்தவர் என்பதால் இரத்ததானத்தைத் தள்ளிவைத்துவிட்டு மண்டபத்தில் அஞ்சலிக்கு வைக்கிறார்கள் என்று முடிவும் கட்டிவிட்டது. எல்லாம் பொருந்தி வந்தது. உறுதிப்படுத்த ஒரு போன் எடுத்திருக்கலாம். இப்போதைய தலைவருக்கு எடுத்திருக்கிறார்கள், அவர் உரம் எடுக்க வவுனியா போய், போன் சார்ஜ் இல்லாமல் நின்றிருக்கிறார். எனக்கு எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. என் போனுக்கு ஊரில் இருக்கிற மரியாதையை ஏற்கெனவே சொன்னேன்.

காலையில் மண்டபத்துக்குப் போனேன். சந்தியிலிருந்து மண்டபம் வரைக்கும் வீதியின் இரண்டு பக்கமும், சாவுக்குக் கட்டுகிற வெள்ளைக் கொடி கட்டியிருந்தது. நேர்த்தியான வேலை, இடைவெளி கூடப் பிசகவில்லை. இளைஞர் அணி இரவோடிரவாகச் செய்திருந்தது. கழகம் தொடங்கிய நாளிலிருந்து, ஒருவரும் கேட்காமல் ஒரு வேலை நடந்தது அன்றுதான்.

இரத்த வங்கி வாகனத்திலிருந்து இறங்கிய பெண் டொக்டர் கொடிகளைப் பார்த்தா.

"இஞ்ச இரத்ததானத்துக்கு வெள்ளைக்கொடி கட்டுற வழக்கமோ?"

"ஓம் டொக்டர். சுத்தத்துக்கு."

ஒன்பது மணிக்கு முன்னரே சனம் வரத் தொடங்கியது. ஆண்கள் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட். பெண்கள் நிறம் மங்கின சேலை. குளித்து, திருநீறு பூசி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து கதிரைகளில் அமைதியாக அமர்ந்தார்கள். டொக்டரின் முகம் மலர்ந்துகொண்டே போனது. வாசலில் ஒரு பெண் "என்ர ஐயா" என்று குரலெடுத்து, பெட்டியைக் காணாமல், அழுகையை நிறுத்தாமலே பக்கத்தில் நின்றவரிடம் "எங்க கிடத்தியிருக்கு?" என்று கேட்டா.

மைக்கை எடுத்தேன்.

"அன்பார்ந்த ஊர் மக்களே, ஒருவரும் சாகவில்லை."

என் வாயால் அப்படி ஒரு செய்தியை அவர்கள் கேட்டதே இல்லை. நம்பவில்லை. முன்வரிசையில் இருந்தவர் எழும்பினார்.

"ஐயா?"

"ஐயா ஆஸ்பத்திரியில சுகமா இருக்கிறார்."

"அப்ப ஏன் கூப்பிட்டனீங்கள்?"

"இரத்தம் குடுக்க."

"அதைச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னனான்."

"நீங்கள் சொன்னால் அது செத்தவீடுதானே அண்ணை" என்றார், எனக்கே ஒரு விஷயத்தை விளக்குகிற பொறுமையோடு.

சரி, வந்தது வந்தார்கள். வயலுக்குப் போகாமல், குளித்து, உடுத்து வந்தாயிற்று. கையை நீட்டுவதில் என்ன என்று நாலைந்து பேர் எழும்ப, மற்றவர்களும் எழும்பினார்கள். அப்போதுதான் டொக்டர் முதல் ஆளிடம் வழமையான கேள்வியைக் கேட்டா.

"காலமை சாப்பிட்டனீங்களா?"

அவருக்கு அது அவமானமாகப் போய்விட்டது. "செத்தவீட்டுக்கு ஆர் டொக்டர் சாப்பிட்டிட்டு வாறது?"

எங்கள் ஊரில் பிரேதம் எடுக்கும்வரைக்கும் அயலில் அடுப்பு மூட்டுவதில்லை. எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம் என்றால், எல்லாரும் எல்லாருக்கும் அயலும்தான். ஊரே பட்டினியாக வந்திருந்தது. டொக்டர் வரிசையில் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போனா. இல்லை, இல்லை, தேத்தண்ணி மட்டும், அதுவும் இல்லை.

"வெறும் வயித்தோட எடுக்கேலாது. மயங்கி விழுவினம்" என்றா. ஊசிப் பெட்டியை மூடினா.

சனம் படலையைப் பார்த்து மெல்ல அசையத் தொடங்கியது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒருவரும் சாகவில்லை, இரத்தமும் வேண்டாம் என்றால் மனிதர் வீட்டுக்குப் போகத்தானே வேண்டும். என் விடுதலை வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு என் கண்முன்னால் வெளியேறிக்கொண்டிருந்தது. நான் ஒன்றும் செய்யத் தேவையில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றால் போதும். கொஞ்ச நேரம் அப்படி நின்றும் பார்த்தேன். பழக்கமில்லாத வேலை. முடியவில்லை.

செத்தவீட்டில் "பிரேதம் எடுக்கப்போகுது, வழி விடுங்கோ" என்று நான் சொன்னால் ஊர் முழுவதும் ஒதுங்கும். அதே குரலில், "ஒருதரும் போகாதேங்கோ. பாண் வருது" என்றேன். படலை வரைக்கும் போனவர்கள் திரும்பி வந்து கதிரையில் இருந்தார்கள். அழுதுகொண்டு வந்த பெண் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "தேங்காய் எங்க கிடக்கு?" என்று மண்டபத்துக்குப் பின்னால் போனா. கூடவே இன்னும் சிலர். சாவுக்குச் சமைக்கிற கிடாரத்தில் பருப்பு ஏறியது.

நான் ஓட்டோவில் சந்தி பேக்கரிக்குப் போனேன். பேக்கரிக்காரர் முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம். பல வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். எங்கள் ஊருக்கு அவர் நானா. ஓட்டோவின் மேல் குழாயையும் உள்ளே என்னையும் கண்டவுடன் சேட் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியில் வந்தார்.

"ஆர் மௌத்?"

"ஒருதரும் இல்லை நானா. எனக்குப் பாண் வேணும். இருக்கிறது முழுக்க."

"செத்தவீட்டுக்கோ?"

"இரத்ததானத்துக்கு."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்கட மூஞ்சையில அது தெரியேல்லையே."

போரணையிலிருந்து எடுத்த சூட்டோடு பாண்களை ஓட்டோவுக்குள் அடுக்கினார். இருக்க இடமில்லாமல் நான் மடியிலும் வைத்துக்கொண்டேன். அவர் தன்னுடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார். இரத்தம் கொடுக்க வந்தவர்களில் அன்று காலை சாப்பிட்டிருந்த ஒரே மனிதர் அவர்தான் என்பதால் முதல் இரத்தம் அவருடையதாக அமைந்தது. கட்டிலில் படுத்துக்கொண்டே, "உங்கட ஊர்ச்சனத்திட்ட வேலை வாங்கிறதெண்டால் முதல்ல பட்டினி போடோணும் போல" என்றார்.

பாணும் பருப்பும் சம்பலும் தின்று, பிளேன்ரீ குடித்து, வரிசையில் வந்து படுத்தார்கள். ஊசியைக் கண்டு ஓடுகிற மனிதர்கள்தான். ஆனால் செத்தவீட்டுக்கு வந்தவன் அலுவல் முடியுமுன் எழும்பிப் போவது எங்கள் ஊரில் மானக்கேடு. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கடைசிவரை இருந்தார்கள். மத்தியானம் ஆகுமுன் டொக்டரிடம் பைகள் முடிந்துவிட்டன. "அருமையான அறிவிப்பு" என்று என் கையைப் பிடித்துச் சொன்னா. அடுத்த வருடமும் கட்டாயம் வருவதாகச் சொன்னா.

அந்த நேரம் பார்த்துத் தலைவர் வவுனியாவிலிருந்து வந்து இறங்கினார். மண்டபத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பாத்தீங்களே அண்ணை."

"அவை செத்தவீட்டுக்கு வந்தவை."

"வந்தவைதானே?"

"ஐயா செத்திட்டார் எண்டு நினைச்சு வந்தவை."

"கதை அதில்லை அண்ணை. சனம் வந்தால் விலகிற கதை இல்லை எண்டது நீங்களும் சேர்ந்து ஒப்புக்கொண்டது." உரக்கடைக்காரரோடு எழுத்தில்லாமல் பேரம் பேசக் கூடாது. எழுத்தோடு பேசினாலும் அதேதான் நடந்திருக்கும்.

பாண் வாங்கப் போகாமல் இருந்திருக்கலாமே என்று மனைவி இரவுச் சாப்பாட்டின்போது கேட்டாள். ஓம் என்றேன். கறிச்சட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, "இருக்கமாட்டியள்" என்றாள். அது பாராட்டு இல்லை. தொனி எனக்குத் தெரியும்.

ஒரு மாதம் கழித்துக் கழகம் எனக்குப் பொன்னாடை போர்த்தியது. ஒரு பட்டமும் தந்தார்கள். சேவை என்று தொடங்கும். மைக்குக்கு இன்னொரு ஆள் பிடித்துத் தருவதைவிடப் பொன்னாடை சுலபம். அந்த விழாவை அறிவிக்கவும் என்னைத்தான் கேட்டார்கள். எனக்கு நானே அறிவிக்கமாட்டேன் என்று மறுத்தேன். அதனால் சனம் வரவில்லை. முன்வரிசை கூட நிரம்பவில்லை.

முதல் தலைவர் வந்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கொஞ்சம் தேறியிருந்தார். ஊன்றுதடியை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு முழு விழாவையும் பார்த்தார். எல்லாரும் போன பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"எனக்குச் சனம் வந்ததாமே?"

"ஓம் ஐயா. மண்டபம் கொள்ளேல்லை."

"கொடியும் கட்டினவங்களாம்."

"சந்தியிலிருந்து."

திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு முகம் மாறியது. "வாசிப்பு மட்டும் நடக்கேல்லை, என்ன?" பொன்னாடையின் ஓரத்தைப் பிடித்துத் தடவிப் பார்த்தார். "நல்ல துணி. என்ரயை வாசிக்கேக்க இதைப் போட்டுக்கொண்டு வா."

"வெயிலுக்கு ஏலாது ஐயா."

"சரி, வாசி பாப்பம்."

சால்வையோடு நின்று வாசித்தேன். பளையைப் பிறப்பிடமாகவும், பரந்தன், தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, முள்ளிவாய்க்கால், செட்டிக்குளம் என்று வந்தேன். ஒன்றும் விடவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் தடியால் நிலத்தில் ஒரு தட்டு.

"பரந்தனை ரெண்டு தரம் சொல்லோணும்."

"ஏன் ஐயா?"

"ரெண்டு தரம் வீடு கட்டினனான். முதல் இடப்பெயர்வுக்கு முந்தி ஒண்டு, திரும்பி வந்து ஒண்டு."

"ரெண்டு தரம் சொன்னால் நான் பிழை விட்டிட்டன் எண்டுதான் சனம் நினைக்கும்."

"நினைக்கட்டும்."

இத்தனை வருடம் ஒரு மருமகனைக்கூட மாற்றி வாசிக்காதவன் நான். அந்த ஒரு பெயராவது எனக்கு ஊரில் இருக்கிறது. அதையும் கெடுத்துவிட்டுத்தான் இந்த மனிதர் போவார் போலிருக்கிறது. பரந்தன், பரந்தன் என்று இரண்டு தரமும் வெவ்வேறு தொனியில் சொன்னால் சரிவருமா என்று வீட்டில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலால் எட்டி, "ஆர் அண்ணை?" என்று கேட்டா.